யேல் குடும்பத்தின் இரண்டு கிளைகள்

யேல் குடும்பத்தின் பூர்விகம் வட வேல்ஸ். டென்பிஷயரில், ரெக்ஸம் நகருக்கு மேற்கே உள்ள மலைப்பாங்கான இயால் என்ற பகுதியிலிருந்து இக்குடும்பத்தின் பெயர் வந்தது. வேல்ஸ் நாட்டில் 16ஆம் நூற்றாண்டு வரையிலும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இல்லை. தந்தையின் பெயரே மகனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆங்கிலேய ஆட்சியின் நீதிமன்றங்களும் பதிவேடுகளும் நிலையான பெயரைக் கேட்கத் தொடங்கியபோது நிலக்கிழார்கள் சிலர் தம் ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். செஸ்டர் மறைமாவட்டத்தில் சான்சலராக இருந்த சட்ட அறிஞர் டேவிட் லாய்டு அப்படித்தான் டேவிட் யேல் ஆனார். ரெக்ஸம் அருகே பிளாஸ் குரோனோ என்ற வீடும் நிலமும் அவருடையவை. அவருக்கு முந்தைய தலைமுறைகளை அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஆஸ்பர்ன் என்பவர் வரை வேல்ஸ் குடிவழிப் பட்டியல்கள் கொண்டுபோகின்றன. அவ்வளவு தூரம் போகும் எந்தப் பட்டியலையும் போலவே இதன் மேற்பகுதியையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

சான்சலரின் மகன் தாமஸ், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள் ஆனை மணந்தார். டேவிட், ஆன், தாமஸ் என்று மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் சிறுவயதில் இருக்கும்போதே, 1619இல், தாமஸ் இறந்துவிட்டார். கைம்பெண்ணான ஆன், சில ஆண்டுகள் கழித்து லண்டன் வணிகர் தியோபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்துகொண்டார். ஈட்டனும் முதல் மனைவியை இழந்தவர். பால்டிக் கடல் வணிகத்தில் பொருள் சேர்த்தவர். இங்கிலாந்து மன்னரின் முகவராக டென்மார்க் அரசவையில் சில காலம் இருந்தவர். இந்த மறுமணம்தான் யேல் பெயரை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனது. ஈட்டனின் நெருங்கிய நண்பர் ஜான் டேவன்போர்ட் லண்டனில் போதகராக இருந்தார். இருவரும் பியூரிட்டன் கொள்கையினர். முதலாம் சார்லஸ் மன்னர் காலத்தில் ஆயர் லாட் அந்தக் கொள்கையினரை நெருக்கியபோது டேவன்போர்ட் ஹாலந்துக்குத் தப்பிப் போய்த் திரும்பினார். பிறகு நண்பர்கள் இருவரும் ஒரு கூட்டத்தைத் திரட்டி, ஹெக்டர் என்ற கப்பலில் ஏறி 1637 ஜூனில் பாஸ்டன் துறைமுகத்தை அடைந்தார்கள்.

1620க்கும் 1640க்கும் இடையில் இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக்குக் குடியேறியவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அமெரிக்கக் குடிவழி ஆய்வில் இந்த இருபதாண்டுக்கு ‘பெரும் குடிப்பெயர்ச்சி’ என்று பெயர். ஹெக்டரின் பயணிகள் பட்டியல் கிடைக்கவில்லை. யார் யார் அதில் வந்தார்கள் என்பது பின்னாளைய நிலப் பங்கீட்டிலிருந்தும் சபைப் பதிவுகளிலிருந்தும் ஊகித்து எழுதப்பட்டதுதான். ஈட்டனின் வயது முதிர்ந்த தாய், மனைவி ஆன், முதல் மணத்து மகள் மேரி, இரண்டாம் மணத்துப் பிள்ளைகள், மனைவியின் யேல் பிள்ளைகள் என்று ஒரு கலப்புக் குடும்பமாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்று யேல் பிள்ளைகளும் அப்போது இளைஞர்கள்.

மாசசூசெட்ஸ் தலைவர்கள் இந்தப் பணக்காரக் கூட்டத்தைத் தங்களிடமே தங்கவைக்க முயன்றார்கள். ஈட்டன் இணங்கவில்லை. 1638 வசந்தத்தில் அவர்கள் தெற்கே கடல் வழியாகச் சென்று, குவினிபியாக் பழங்குடியினரின் துறைமுகக் கரையில் இறங்கினார்கள். அந்த மக்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிய நிலத்தில், ஒன்பது சதுரங்களாகத் தெருக்கள் பிரித்து நியூ ஹேவன் என்ற ஊரை அமைத்தார்கள். நடுச் சதுரம் பொது வெளி. இன்றும் அது அப்படியே இருக்கிறது. 1639இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஈட்டன், 1658 தொடக்கத்தில் இறக்கும்வரை ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குடியேற்றக் காலப் பெண்களைப் பற்றி ஆவணங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பிறப்பு, மணம், இறப்பு என்ற மூன்று வரிகளில் அவர்கள் முடிந்துவிடுவார்கள். யேல் குடும்பத்து ஆன்கள் இருவரைப் பற்றி மட்டும் நிறையத் தெரிவதற்குக் காரணம், இருவரும் ஊருக்குத் தொல்லையாகக் கருதப்பட்டதே. தாய் ஆன் ஈட்டன், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்துக்கு ஒவ்வாதது என்று நம்பத் தொடங்கினார். அக்கொள்கையை விளக்கும் ஒரு நூலைச் சீமாட்டி டெபோரா மூடி என்பவர் அவருக்கு இரவல் தந்திருந்தார். ஆளுநரின் மனைவி, ஆராதனையின் நடுவே எல்லோரும் பார்க்க எழுந்து வெளியேறியது நியூ ஹேவன் போன்ற ஊரில் சிறிய விஷயமல்ல. சபை விசாரித்தது. கொள்கைப் பிழையை விசாரிக்கப் புறப்பட்டவர்கள் வீட்டுச் சண்டைகளையும் தோண்டி எடுத்தார்கள். மாமியாரைச் சாப்பாட்டு மேசையில் அடித்தார், மாற்றாள் மகளைக் கொடுமைப்படுத்தினார், வேலைக்காரர்களிடம் கடுமையாக நடந்தார் என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. 1644இல் பகிரங்கக் கண்டனம். 1645இல் சபை விலக்கு. அந்தக் குற்றப் பத்திரிகையை எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத ஒரு பயன் அதற்கு உண்டு. முப்பது பேர் வரை ஒரே கூரையின்கீழ் இருந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெரிய வீட்டில் அன்றாடம் என்ன நடந்தது, யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரிகிறது.

மகள் ஆனின் கதை இன்னும் துயரமானது. அவர் லண்டன் வணிகர் எட்வர்டு ஹாப்கின்ஸை மணந்திருந்தார். ஹாப்கின்ஸ் நியூ ஹேவனில் தங்காமல் ஹார்ட்ஃபர்டில் குடியேறி, கனெக்டிகட் குடியேற்றத்தின் ஆளுநராகப் பலமுறை பதவி வகித்தார். ஆக, இரண்டு அண்டைக் குடியேற்றங்களின் ஆளுநர்கள் ஒருவருக்கொருவர் மாமனார் மருமகன் முறை. இளம் வயதிலேயே ஆனின் மனநலம் குலைந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப் 1645இல் தம் நாட்குறிப்பில் இதற்கு ஒரு காரணம் எழுதினார்: பெண்ணுக்குரிய வீட்டு வேலைகளை விட்டுவிட்டுப் படிப்பிலும் எழுத்திலும் மூழ்கியதால் புத்தி பேதலித்தது என்பது அவர் முடிவு. ஆன் பல நூல்கள் எழுதியதாகவும் அவரே குறிப்பிடுகிறார். அவற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஹாப்கின்ஸ் மனைவியோடு இங்கிலாந்து திரும்பி 1657இல் இறந்தார். மனைவியைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஒரு தொகையை அவருடைய அண்ணன் டேவிட் யேலிடம் கொடுக்கும்படி உயிலில் எழுதியிருந்தார். நியூ இங்கிலாந்தில் பள்ளிகள் நடத்தவும் சொத்து ஒதுக்கினார். 1660இல் தொடங்கிய நியூ ஹேவனின் ஹாப்கின்ஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. கணவர் இறந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து ஆன் 1698இல் இறந்தார்.

இந்தக் கட்டத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது.

மூத்தவர் டேவிட் யேல் நியூ ஹேவனில் நிலைக்கவில்லை. 1641 வாக்கில் பாஸ்டனுக்குப் போய் வணிகம் செய்தார். உர்சுலா நைட் என்பவரை மணந்தார். மாசசூசெட்ஸில் சபை உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது. அதை எதிர்த்து ராபர்ட் சைல்டு என்ற மருத்துவர் 1646இல் கொடுத்த மனுவில் கையெழுத்திட்ட ஏழு பேரில் டேவிட் யேலும் ஒருவர். மனுதாரர்களுக்கு அபராதமே பதிலாகக் கிடைத்தது. அதற்குப் பின் அவருக்குப் பாஸ்டன் வாழ்க்கை கசந்தது என்று கொள்வதில் தவறில்லை. 1652 வாக்கில் அவர் குடும்பத்தோடு லண்டன் திரும்பினார். பாஸ்டனில் 1649 ஏப்ரல் 5 அன்று பிறந்த மகன் எலிஹு, அப்போது மூன்று வயதுக் குழந்தை. அதன்பின் அவர் அமெரிக்காவில் காலடி வைக்கவே இல்லை.

எலிஹு யேல் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து 1672 ஜூனில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார். ஆண்டுச் சம்பளம் 10 பவுன். கம்பெனி ஊழியர்கள் சொந்தக் கணக்கிலும் வணிகம் செய்துகொள்ளலாம் என்ற வழக்கம் இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு யாரும் ஆறு மாதக் கடற்பயணம் செய்து வந்திருக்க மாட்டார்கள். யேல் துணியிலும் வைரத்திலும் பணம் குவித்தார். 1680 நவம்பர் 4 அன்று, கோட்டைக்குள் கட்டி முடித்து ஒரு வாரமே ஆன புனித மேரி தேவாலயத்தில், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை கேத்தரினை மணந்தார். அந்தத் தேவாலயத்தின் பதிவேட்டில் ஏறிய முதல் திருமணம் அது. அவர்களுக்கு டேவிட் என்று ஒரு மகனும் கேத்தரின், ஆன், உர்சுலா என்று மூன்று மகள்களும் பிறந்தார்கள். தாத்தா பாட்டி பெயர்களே இங்கும் திரும்பி வந்திருப்பதைக் காணலாம். டேவிட் 1688இல் நான்கு வயதிலேயே இறந்து, ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டான். அந்தக் கூர்நுனிக் கல்லறை சென்னை சட்டக் கல்லூரியின் பழைய வளாகத்தில் நிற்கிறது. யேல் குடும்பத்தின் அமெரிக்கக் குடிவழி நூல்கள் குறிப்பிடும் நினைவுச் சின்னங்களில் இதுவும் ஒன்று.

1687 முதல் 1692 வரை யேல் கோட்டையின் ஆளுநர். மராத்தியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் விலைக்கு வாங்கியது அவர் காலத்தில்தான். பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். கடலூர்ப் பக்கத்தில் குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. வாங்கிய கோட்டைக்கு வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் பெயர் இடப்பட்டது. செயின்ட் ஹெலீனா தீவுக்குப் போகும் கப்பல்களில் அடிமைகளை ஏற்றி அனுப்பும் உத்தரவுகளும் அந்த ஆண்டுகளின் கோட்டைக் குறிப்புகளில் இருக்கின்றன. உத்தரவிட்ட ஆலோசனைக் குழுவில் யேல் உறுப்பினராகவும் பின்பு தலைவராகவும் இருந்தார். கம்பெனிப் பணத்தைத் தன் வணிகத்துக்குப் பயன்படுத்தினார், உடன் வேலை பார்த்த தம்பி தாமஸுக்குச் சலுகை காட்டினார் என்ற குற்றச்சாட்டுகளின்பேரில் அவர் பதவி இழந்தார். கணக்குத் தீராமல் 1699 வரை சென்னையிலேயே இருந்தார்.

அவருக்கு அடுத்து வந்த ஆளுநரும் நியூ இங்கிலாந்துக் குடியேற்றக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. நத்தானியேல் ஹிக்கின்சன், நியூ ஹேவனுக்கு அருகிலுள்ள கில்ஃபர்டில் 1652இல் பிறந்தவர். அவருடைய தாத்தா பிரான்சிஸ் ஹிக்கின்சன் 1629இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊருக்கு வந்த முதல் போதகர்களில் ஒருவர். நத்தானியேல் 1670இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றுக் கம்பெனிப் பணியில் சென்னைக்கு வந்தார். 1688இல் சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் முதல் மேயர் அவர்தான். மூன்று வயதில் ஊரைவிட்ட யேலைவிட, அங்கேயே வளர்ந்து படித்த ஹிக்கின்சனை அமெரிக்கர் என்று சொல்வது பொருத்தம். ஆனால் அவர் பெயரில் கல்லூரி ஏதும் இல்லை.

இன்று யேல் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரிக்கு யேல் பெயர் போனதற்கும் குடிவழிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லண்டன் திரும்பிய எலிஹுவுக்கு ஆண் வாரிசு இல்லை. சென்னையில் யூத வைர வணிகர் ஒருவரின் விதவையான ஹிரோனிமா டி பைவா மூலம் பிறந்த சார்லஸ் என்ற மகனைச் சட்டம் வாரிசாக ஏற்காது. அவரும் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். கனெக்டிகட்டின் லண்டன் பிரதிநிதியான ஜெரமையா டம்மர் 1711இல் ஊருக்கு எழுதிய கடிதத்தில், பெரும் செல்வரான யேல் தம் சொத்துக்கு வாரிசாக்கக் கனெக்டிகட்டிலிருந்து உறவினர் ஒருவரை வரவழைக்கிறார் என்று குறிப்பிட்டார். அந்த ஏற்பாடு பலிக்கவில்லை. ஆனால் யேலுக்கு நியூ ஹேவன் பக்கம் சொந்தம் இருக்கிறது என்பதைக் கல்லூரிக்காரர்கள் மறக்கவில்லை. 1701இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி 1716இல் நியூ ஹேவனுக்கு மாறியிருந்தது. கட்டடம் முடிக்கப் பணம் போதவில்லை. 1718 தொடக்கத்தில் பாஸ்டன் போதகர் காட்டன் மேதர், கல்லூரிக்கு யேலின் பெயரைச் சூட்டலாம், அது பிள்ளைகளைவிட நெடுநாள் நிலைக்கும் என்ற பொருளில் அவருக்குக் கடிதம் எழுதினார். யேல் 417 நூல்களையும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படத்தையும் ஒன்பது பொதிச் சரக்கையும் அனுப்பினார். பொதிகளில் காலிக்கோவும் மஸ்லினும் இருந்தன. விற்றதில் கிடைத்தது 562 பவுன் சொச்சம். அந்த ஆண்டே பெயர் சூட்டப்பட்டது. யேல் 1721இல் இறந்து ரெக்ஸம் தேவாலயத்தில் அடக்கமானார். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவைக் கண்டு, ஆசியாவில் மணம் முடித்தவர் என்று கல்லறை வாசகம் அவரைச் சொல்கிறது. அவருடைய மகள்களில் இருவர் பிரபுக் குடும்பங்களில் மணம் முடித்தார்கள். ஆண் வழியில் அவரது கிளை அத்தோடு நின்றது.

அமெரிக்காவில் யேல் என்ற பெயரைத் தழைக்கச் செய்தவர் இளையவர் தாமஸ், எலிஹுவின் சித்தப்பா. அவருடைய வாழ்க்கையில் இத்தகைய பரபரப்பு ஏதும் இல்லை; நிலமும் ஊர்ப் பொறுப்புகளுமே உண்டு. அவர் கேப்டன் நத்தானியேல் டர்னரின் மகள் மேரியை மணந்தார். நியூ ஹேவன் வணிகர்கள் கையிருப்பையெல்லாம் போட்டுக் கட்டிய ‘பெரிய கப்பல்’ 1646 ஜனவரியில் துறைமுகத்துப் பனிக்கட்டியை வெட்டி வழிசெய்து புறப்பட்டு, எங்கே மூழ்கியது என்று தெரியாமலே மறைந்தது. அதில் போனவர்களில் டர்னரும் ஒருவர். ஊரின் வணிகக் கனவு அத்தோடு ஒடிந்து, குடியேறியவர்கள் உழவுக்குத் திரும்பினார்கள். ஈட்டன் இறந்தபின் தாய் ஆன் இங்கிலாந்து திரும்பி 1659இல் காலமானார். தாமஸ் நியூ ஹேவனை விடவில்லை. இன்று நார்த் ஹேவன் எனப்படும் பகுதியில் நிலம் வாங்கிக் குடியிருந்து 1683இல் இறந்தார். அவருடைய மகன் தாமஸ், 1670இல் வாலிங்ஃபர்டு ஊரை நிறுவியவர்களில் ஒருவர். எண்பது கடந்தும் வாழ்ந்து 1736இல் இறந்தவர். நியூ ஹேவன் நிலத்தின் பங்கு போதாமல் அடுத்த தலைமுறை வாலிங்ஃபர்டுக்கும், அதற்கடுத்தது மெரிடனுக்கும், பிறகு நியூயார்க்கின் மேற்குப் பகுதிக்கும் அதற்கும் அப்பாலும் நகர்ந்தது. நியூ இங்கிலாந்து விவசாயக் குடும்பங்கள் பெரும்பாலானவை இதே வழியில்தான் பரவின.

இந்தக் கிளையில் 19ஆம் நூற்றாண்டில் உலகறிந்தவர் ஒருவர் தோன்றினார். நியூயார்க் மாநிலத்தில் வங்கிப் பூட்டுகள் செய்துகொண்டிருந்த லைனஸ் யேலின் மகன், அதே பெயருடைய லைனஸ் யேல், முதலில் உருவப்படம் தீட்டும் ஓவியராக இருந்தார். பிறகு தந்தையின் தொழிலுக்குத் திரும்பி, பழைய எகிப்திய மரப்பூட்டின் தத்துவத்தைக் கையடக்கமான உருளைக்குள் கொண்டுவந்தார். 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புதான் இன்று வீட்டுக் கதவுகளில் உள்ள தட்டைச் சாவிப் பூட்டு. 1868இல் ஹென்றி டவுனுடன் கூட்டாகக் கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபர்டில் நிறுவனம் தொடங்கிய சில மாதங்களில், கிறிஸ்துமஸ் நாளன்று, அவர் இறந்தார். சென்னையில் அந்தப் பெயர் பொறித்த பூட்டை வாங்கியவர்களில் சிலராவது அது கோட்டை ஆளுநரின் வாரிசுகள் செய்தது என்று எண்ணியிருக்கலாம். உண்மையில் அது சித்தப்பா வழி.

இந்த உறவு முறையைச் சரியாக நிறுவ நீண்ட காலம் பிடித்தது. கல்லூரியின் 18ஆம் நூற்றாண்டு வரலாறுகளில் எலிஹு நியூ ஹேவனில் பிறந்தவர், தாமஸ் யேலின் மகன், பத்து வயதில் இங்கிலாந்து போனவர் என்றே எழுதப்பட்டது. ஊருக்குப் பெருமை தரும் செய்தி என்பதால் யாரும் சோதித்துப் பார்க்க அவசரப்படவில்லை. குழப்பத்துக்குப் பெயர்களும் காரணம். சான்சலர் டேவிட்டின் மகன் தாமஸ். அவர் மகன்கள் டேவிட், தாமஸ். அந்த டேவிட்டின் மகன்களிலும் ஒரு டேவிட், ஒரு தாமஸ். எலிஹுவின் சித்தப்பா தாமஸுக்கும் ஒரு தாமஸ். ஆண்டுக் கணக்கு இன்னொரு சிக்கல். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் மார்ச் 25 அன்றுதான் புத்தாண்டு. ஆகவே ஈட்டன் இறந்த ஜனவரி, பழைய ஏடுகளின்படி 1657. இன்றைய கணக்கில் 1658.

குடிவழியை முறையாகத் தொகுக்கும் பழக்கமே அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ஜான் ஃபார்மர் நியூ இங்கிலாந்தின் முதல் குடியேறிகளின் பெயர்ப் பட்டியலை 1829இல் வெளியிட்டார். 1845இல் பாஸ்டனில் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. ஜேம்ஸ் சாவேஜின் நான்கு தொகுதி அகராதி 1860 முதல் 1862 வரை வந்தது. ஐரிஷ், ஜெர்மானியக் குடியேறிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய காலமும் அதுதான். பழைய குடும்பங்கள் தங்கள் பழமையைப் பதிவுசெய்ய விழைந்ததில் அந்தப் பதற்றத்துக்கும் பங்கு இருந்தது. அந்த ஆவலைப் பயன்படுத்திப் பணம் பறித்தவர்களும் உண்டு. குஸ்டாவ் அஞ்சு என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். அவருடைய கற்பனைகளைக் களையும் வேலை இன்னும் முடியவில்லை.

யேல் குடும்பத்துக்கு இரண்டு நூல்கள் வந்தன. முதலாவதை 1850இல் நியூ ஹேவனில் வெளியிட்டவரின் பெயரும் எலிஹு யேல். ஆளுநரின் பெயரைத் தாங்கிய அவர் ஆளுநரின் வழியில் வந்தவரல்லர். இரண்டாவது, ராட்னி ஹோரஸ் யேல் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்துகொண்டு 1908இல் வெளியிட்ட பெருநூல். அமெரிக்க யேல்களின் வரிசையை வேல்ஸ் இளவரசர்கள் வரை அவர் நீட்டினார். ஹிக்கின்சன் குடும்ப வரலாற்றை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றவரான தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் 1910இல் எழுதினார். பிறப்பும் மணமும் நிலமும் பதவியும் நிறைந்த அக்காலக் குடும்ப நூல்களில் வீட்டு அடிமைகளுக்கும் மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் இடம் கிடைப்பது அரிது. அவர்களைத் தேடும் வேலை கோட்டைக் குறிப்புகளிலும் சபை விசாரணைகளிலும் ஓவியங்களிலும் பின்னாளில் நடந்தது. எலிஹு யேலோடு கழுத்தில் உலோகப் பட்டை அணிந்த ஒரு கறுப்பினச் சிறுவனைக் காட்டும் குழு ஓவியம் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தச் சிறுவன் யார் என்பது அண்மை ஆண்டுகளில் தனி ஆய்வுக்குப் பொருளாயிற்று. தன் தொடக்ககாலத் தலைவர்களுக்கு அடிமை முறையோடு இருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.